வக்கீல் எத்தனையாவது நாள் வந்தார்?

குன்னம் வட்டாரத்தில் ஒரு பையனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனால் அந்த வீட்டில் அடுத்து என்ன நடக்கும் என்பது எங்களுக்கு ஏறக்குறைய மனப்பாடம். அப்பா காலனியில் விவரம் தெரிந்தவரைத் தேடிப் போவார். அவர் ஒரு கட்சிக்காரருக்குப் போன் போடுவார். கட்சிக்காரர் ஸ்டேஷனில் பேசுவார். 'சும்மா விசாரணைக்குத்தான், காலையில் விட்டுவிடுவோம்' என்று பதில் வரும். காலை போய் மதியம் ஆகும், மதியம் போய் இரவாகும். மறுநாள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி ரிமாண்ட் ஆகிவிட்டது என்ற செய்தி வரும். அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போன பிறகுதான் வக்கீல் என்ற பேச்சே அந்த வீட்டுக்குள் நுழையும். அது மூன்றாவது நாளாக இருக்கலாம், நான்காவது நாளாக இருக்கலாம். சில வீடுகளில் பதினைந்தாவது நாள்.

இதை நம் மக்களின் அறியாமை என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. சட்ட விழிப்புணர்வு முகாம்களில் மைக் பிடித்து இப்படிப் பேசுகிறவர்களை நாங்கள் நிறையக் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் பக்கத்தில் வக்கீல் எந்த நேரத்தில் வந்து நிற்க வேண்டும் என்ற ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல இந்த நாட்டுச் சட்டமே நூறு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அதுவும் தானாகச் சொல்லவில்லை. சிறையில் கிடந்தவர்களும் அவர்களுக்காக மனுப் போட்டவர்களும் ஒவ்வொரு படியாகப் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். சட்டம் படிக்கிற தம்பி தங்கைகளுக்கும், களத்தில் நிற்கிற தோழர்களுக்கும் அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வன்கொடுமை என்றதும் நாம் பாதிக்கப்பட்டவர் பக்கத்தை மட்டுமே நினைக்கிறோம். புகார், எஃப்.ஐ.ஆர்., வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், நிவாரணத் தொகை என்று நம் பயிற்சி எல்லாம் அந்தத் திசையிலேயே போகிறது. ஆனால் சேரிக்குள் நடந்து பாருங்கள். நாம் புகார்தாரராக நிற்கிற வழக்குக்குப் பக்கத்திலேயே நாம் குற்றவாளியாக நிற்கிற இன்னொரு வழக்கு இருக்கும். அடி வாங்கியவன் மேலேயே 'கவுண்டர் கேஸ்'. சமரசத்துக்கு வா, இல்லையென்றால் உன் பையன் வேலைக்குப் போக முடியாது என்பதுதான் அதன் பொருள். 2019 ஏப்ரல் 18 அன்று, வாக்குப்பதிவு நாளில், பொன்பரப்பியில் நம் வீடுகள் அடித்து நொறுக்கப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஊர் குன்னம் சட்டமன்றத் தொகுதியில்தான் இருக்கிறது. அப்படி ஒரு சம்பவம் நடந்தால் உடைந்த ஓட்டை எண்ணுவதற்குப் பத்திரிகைகள் வரும். யார் மேல் என்ன வழக்கு, அவனுக்கு வக்கீல் உண்டா என்று எண்ண யாரும் வருவதில்லை.

வெண்மணியிலும் இப்படித்தான். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை எரித்த வழக்கை எல்லோரும் அறிவோம். கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குக் கீழ் நீதிமன்றம் 1970-ல் பத்தாண்டுச் சிறை விதித்ததும், 1973-ல் உயர் நீதிமன்றம் விடுவித்ததும் நம் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. அதே இரவில் பண்ணையார்களின் ஆள் ஒருவர் கொல்லப்பட்டது தொடர்பாக விவசாயத் தொழிலாளிகள் மேல் போடப்பட்ட வழக்கை எத்தனை பேர் பேசுகிறோம்? அதில் நம்மவர்களுக்குத் தண்டனை கிடைத்தது. ஒருவருக்கு ஆயுள் தண்டனை. எரித்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள், எரிந்த தெருக்காரர்கள் சிறைக்குப் போனார்கள். இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காதவரை வெண்மணியைப் படித்து முடித்தோம் என்று சொல்ல முடியாது.

சரி, சட்டத்துக்கு வருவோம்.

வெள்ளைக்காரன் காலத்து 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 340-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. குற்றம் சாட்டப்பட்டவர் வக்கீல் வைத்து வாதாடலாம் என்பது அதன் சாரம். இதிலுள்ள 'வைத்து' என்ற சொல்தான் விஷயமே. வக்கீல் வைக்க வசதி உள்ளவனை நீதிமன்றம் தடுக்காது. வசதி இல்லாதவனுக்கு? அதைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை. பண்ணையாளுக்கும் கூலிக்காரனுக்கும் அது பூட்டாத கதவுதான், ஆனால் மாடியில் இருந்த கதவு. படிக்கட்டு கட்டப்படவே இல்லை.

அரசியல் சட்டம் எழுதப்பட்டபோது இந்த உரிமை அடிப்படை உரிமையாக மாறியது. அது எப்படி நடந்தது என்பது பாடப்புத்தகத்தில் இல்லை. உயிரையும் சுதந்திரத்தையும் பற்றிய பிரிவில் 'சட்டம் வகுத்த நடைமுறை' இருந்தால் போதும் என்று அரசியல் நிர்ணய சபை ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. சட்டமன்றம் எந்த நடைமுறையை எழுதினாலும் அதுவே நியாயம் என்று ஆகிவிடுமே என்று பலருக்கும் மனக்குறை. 1949 செப்டம்பர் 15 அன்று அண்ணல் அம்பேத்கர் 15-ஏ என்ற புதிய பிரிவைச் சபையில் வைத்தார். முந்தைய பிரிவால் ஏற்பட்ட குறையை ஈடுகட்டத்தான் இது என்று ஒளிக்காமல் சொன்னார். கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், விருப்பப்பட்ட வக்கீலைக் கலந்து பேச விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை ஏற்கெனவே நடைமுறைச் சட்டத்தில் இருக்கின்றனவே என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விளக்கம் முக்கியமானது: சாதாரணச் சட்டத்தில் இருப்பதைச் சட்டமன்றம் நினைத்தால் நீக்கிவிடலாம், அரசியல் சட்டத்தில் வைத்துவிட்டால் நீக்க முடியாது. அந்த 15-ஏ பிரிவுதான் இன்று நாம் சொல்கிற 22-ஆவது உறுப்பு.

அம்பேத்கர் இதை ஏட்டறிவில் எழுதவில்லை. 1923 முதல் பம்பாயில் வக்கீலாக நின்றவர் அவர். 1926-ல் பிராமணரல்லாதார் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் மேல் புனேயில் போடப்பட்ட அவதூறு வழக்கில் அவர்களுக்காக வாதாடி வென்றவர். குற்றவாளிக் கூண்டில் தனியாக நிற்பவனுக்கும் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பவனுக்கும் உள்ள வித்தியாசம் அவருக்குத் தெரியும். நம் பக்கத்தில், சென்னைச் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்திய என். சிவராஜ் போன்றவர்கள் இருந்தார்கள். ஆனால் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான். சென்னை உயர் நீதிமன்றத்தில் 1973-ல் நீதிபதியாகி, 1980-ல் உச்ச நீதிமன்றம் சென்ற ஏ. வரதராஜன்தான் அங்கே உட்கார்ந்த முதல் தலித் நீதிபதி. குடியரசாகி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

22-ஆவது உறுப்பு வந்ததும் எல்லாம் மாறிவிட்டதா? ஓராண்டில் விடை கிடைத்தது. தெலங்கானா உழவர் போராட்டத்தில் கைதாகித் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர்களின் வழக்கு, ஜனார்தன் ரெட்டி எதிர் ஐதராபாத் அரசு, 1951-ல் உச்ச நீதிமன்றம் வந்தது. வக்கீல் வைத்துக்கொள்ள எங்களுக்கு வாய்ப்பே தரப்படவில்லை என்பது அவர்களின் குறை. வக்கீல் இல்லாமல் விசாரணை நடந்தது என்ற ஒரே காரணத்துக்காக, தூக்கு வழக்காகவே இருந்தாலும், அது செல்லாது என்று பொதுவிதி போட முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. 22-ஆவது உறுப்பில் உள்ள உரிமை, வக்கீலைக் கொண்டுவருகிறவனின் உரிமைதான் என்று அதற்குப் பிறகும் நெடுங்காலம் படிக்கப்பட்டது.

கடல் தாண்டிப் பார்த்தால் அமெரிக்காவில் இதே கேள்வி நம்மைப் போன்றவர்கள் மேல்தான் வந்து விழுந்தது. 1931 மார்ச்சில் அலபாமா மாநிலத்தில் ஒன்பது கறுப்பின இளைஞர்களைச் சரக்கு ரயிலிலிருந்து இறக்கி, வெள்ளைக்காரப் பெண்களை வன்புணர்ந்ததாக வழக்குப் போட்டார்கள். இரண்டு வாரத்தில் எட்டுப் பேருக்கு மரண தண்டனை. விசாரணை தொடங்கிய காலையில்தான் அவர்களுக்கு வக்கீல் என்று ஒருவர் முன்னால் வந்தார். ஸ்காட்ஸ்பரோ பையன்கள் என்று உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்த வழக்கில் 1932-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. பெயருக்கு ஒரு வக்கீல் நின்றால் போதாது, தயாராக நேரம் இருக்க வேண்டும் என்றது. ஆனால் அது மரண தண்டனை வழக்குகளுக்கு மட்டும். சிறைக்குள்ளிருந்து பென்சிலால் மனு எழுதிய கிடியன் என்ற ஏழை வெள்ளையரின் வழக்கில், 1963-ல்தான், சிறைத் தண்டனைக்குரிய பெருங்குற்றங்கள் எல்லாவற்றுக்கும் அரசே வக்கீல் தர வேண்டும் என்று ஆனது. மறுவிசாரணையில் வக்கீலோடு நின்ற கிடியன் விடுதலையானார். அதே சாட்சி, அதே ஊர். வக்கீல் மட்டுமே புதிது.

இங்கே 1958-ல் சட்ட ஆணையம் தன் 14-ஆவது அறிக்கையில் ஏழைகளுக்குச் சட்ட உதவி தருவது அடிப்படையான பிரச்சினை என்று எழுதியது. எழுதியது, அவ்வளவுதான். 1973-ஆம் ஆண்டுப் புதிய நடைமுறைச் சட்டத்தில்தான் 304-ஆவது பிரிவு வந்தது: செஷன்ஸ் நீதிமன்ற விசாரணையில் வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல். செஷன்ஸ் விசாரணை என்பதைக் கவனியுங்கள். நம் பையன்கள் மேல் விழுகிற அடிதடி, திருட்டு, மிரட்டல், பொதுச்சொத்துச் சேதம் போன்ற வழக்குகளில் பெரும்பாலானவை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே நடந்து முடிகிறவை. அங்கே இந்தப் பிரிவு தானாகப் போகாது. மாநில அரசு தனியாக அறிவிக்க வேண்டும். 1976-ல் அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற உறுப்பு சேர்ந்தது. இலவசச் சட்ட உதவி அரசின் கடமை என்று சொன்ன அந்த உறுப்பு, ஆயிரக்கணக்கானவர்கள் விசாரணையின்றிச் சிறையில் கிடந்த நெருக்கடி நிலைக் காலத்தின் 42-ஆவது திருத்தத்தோடு வந்தது. வரலாறு சில சமயம் இப்படியும் கேலி செய்யும்.

அதன் பிறகு வந்த எட்டு ஆண்டுகளைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும்.

1978 ஆகஸ்டில் ஹோஸ்காட் வழக்கு. பல்கலைக்கழகச் சான்றிதழைப் போலியாக அச்சடிக்க முயன்றதாகத் தண்டனை பெற்ற ஒரு கல்லூரி ஆசிரியர் அவர். தீர்ப்பின் நகல் கைக்கு வராததால் மேல்முறையீட்டுக்கான காலம் கடந்துவிட்டது. அவருக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர், தீர்ப்பு நகலை இலவசமாகத் தர வேண்டும், மேல்முறையீட்டுக்கு வக்கீல் வேண்டுமென்றால் அரசு தர வேண்டும் என்று எழுதிவைத்தார். கிருஷ்ணய்யர் யார்? தலச்சேரியில் உழவர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் வழக்காடி, கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948-ல் தானே சிறை வைக்கப்பட்டவர். உள்ளே இருந்து பார்த்தவர் எழுதிய தீர்ப்பு வேறு மாதிரிதான் இருக்கும்.

1979-ல் பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் வந்ததை எடுத்துக்கொண்டு புஷ்பா கபிலா ஹிங்கோரானி என்ற வக்கீல் உச்ச நீதிமன்றம் போனார். ஹுசைனாரா காத்தூன் என்ற பெண் கைதியின் பெயரில் நடந்தது அந்த வழக்கு. குற்றம் நிரூபணமானாலும் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட அதிக காலம் உள்ளே இருந்துவிட்டவர்கள் பலர். ஜாமீன் கேட்க ஆளில்லை. கேட்டாலும் கட்டப் பணமில்லை. வக்கீல் இல்லாத விசாரணை நியாயமான விசாரணை அல்ல என்று நீதிபதி பகவதி சொன்னது இதில்தான். 1951-ல் மூடிய கதவு திறக்க 28 ஆண்டுகள் ஆகின.

1981-ல் பாகல்பூர். கைதிகளின் கண்ணில் ஊசியும் அமிலமும் பாய்ச்சிப் போலீஸ் குருடாக்கிய கொடுமை அது. அந்த வழக்கில், கதறி வந்த இந்த மனிதர்களை ரிமாண்ட் செய்தபோது ஏன் வக்கீல் தரவில்லை என்று கேட்கப்பட்டபோது கிடைத்த பதிலை நாங்கள் ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்கிறோம்: அவர்களில் யாரும் கேட்கவில்லை, அதனால் தரவில்லை. உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது. தனக்கு உரிமை இருக்கிறது என்றே தெரியாதவன் எப்படிக் கேட்பான்? உனக்கு வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அரசு தரும் என்று சொல்ல வேண்டியது மாஜிஸ்திரேட்டின் கடமை. அதுவும் விசாரணை தொடங்கும்போது அல்ல, முதல்முறை முன்னால் நிறுத்தப்படும் போதே. 1986-ல் அருணாசலப் பிரதேச வழக்கான சுக் தாஸ் வழக்கில் இன்னும் ஒரு படி. வக்கீல் இல்லாமல் விசாரித்துத் தண்டித்துவிட்டார்கள். அவர் கேட்கவில்லையே என்று உயர் நீதிமன்றம் சாக்குச் சொன்னது. உச்ச நீதிமன்றம் தண்டனையையே ரத்து செய்தது.

ஆக, செஷன்ஸ் விசாரணையில் இருந்த வக்கீல் ரிமாண்ட் நாளுக்கு நகர்ந்துவிட்டார், காகிதத்திலாவது. ஆனால் ரிமாண்டுக்கு முந்தைய இரவு?

அந்த இரவைப் பற்றிய முதல் பெரிய தீர்ப்பு ஒரு முன்னாள் முதலமைச்சரால் வந்தது என்பது கவனிக்கத்தக்கது. ஒடிசாவின் நந்தினி சத்பதியை விசாரணைக்குக் கூப்பிட்ட வழக்கில், 1978-ல், போலீஸ் விசாரிக்கும் இடத்திலும் வக்கீலை அழைத்துக்கொள்ளலாம் என்று கிருஷ்ணய்யர் எழுதினார். 1994-ல் ஜோகிந்தர் குமார் வழக்கு. ஐந்து நாள் போலீஸ் வைத்திருந்த அந்த இளைஞரே ஒரு வக்கீல்! கைதானவர் தனக்கு வேண்டிய ஒருவருக்குத் தகவல் சொல்ல உரிமை உண்டு என்று அதில் ஆனது. 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில், விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுக்க அல்ல என்றார்கள். அந்த 'முழுக்க அல்ல' என்ற சொற்கள் அப்படியே நடைமுறைச் சட்டத்தின் 41-டி பிரிவாகி, இப்போது 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தின் 38-ஆவது பிரிவாக உட்கார்ந்திருக்கின்றன.

முதலமைச்சருக்கும் வக்கீலுக்கும் கிடைத்தது நமக்குக் கிடைத்ததா? ராஜாக்கண்ணுவைக் கேட்க முடியாது. 'ஜெய் பீம்' படம் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரியும்; படம் இருளர் என்று காட்டியது, நிஜத்தில் குறவர். 1993 மார்ச்சில் நகைத் திருட்டு என்று சொல்லி அவரையும் உறவினர்களையும் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அடித்தே கொன்றார்கள். தப்பி ஓடிவிட்டார் என்று கதை கட்டினார்கள். உடல் கிடைத்தது எங்கே? மீன்சுருட்டியில். அன்று திருச்சி மாவட்டம், இன்று அரியலூர் மாவட்டம். நம் பக்கத்து மண். அவர் மனைவி பார்வதியும் துணை நின்ற கம்யூனிஸ்ட் தோழர்களும் வக்கீல் கே. சந்துருவிடம் போய், சந்துரு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட்டதால்தான் உண்மை வெளியே வந்தது. உயர் நீதிமன்றம் காவலர்கள் குற்றவாளிகள் என்று சொல்ல 2006 ஆகிவிட்டது. இந்த வழக்கைப் பெருமையாகப் பேசுகிறோம், பேச வேண்டியதுதான். ஆனால் ராஜாக்கண்ணுவின் கணக்கில் பார்த்தால் வக்கீல் வந்தபோது அவர் இல்லை. முதல் இரவிலேயே ஸ்டேஷன் வாசலில் ஒரு கறுப்புக் கோட்டு நின்றிருந்தால் என்ற கேள்வி எங்களை விடுவதே இல்லை.

இனி நம் கைக்கு எட்டுகிற சட்டத்துக்கு வருவோம். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ல் இயற்றப்பட்டது. எட்டு ஆண்டுகள் தூங்கிவிட்டு 1995 நவம்பர் 9 அன்று நடப்புக்கு வந்தது. அதே 1995 நவம்பர் முதல் தேதிதான் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001-ல் பிரிந்து, மறு ஆண்டே திரும்பச் சேர்ந்து, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்தது. இது வெறும் எல்லைக் கதை அல்ல. மாவட்டம் பிரிந்தால் மாவட்ட நீதிமன்றமும் அதோடு சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் பக்கத்தில் வருகிறது. செந்துறைப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஓட்டுப் போடுவது குன்னம் தொகுதியில். வழக்குக்குப் போக வேண்டியது அரியலூருக்கு. குன்னம் வட்டத்து ஆட்கள் பெரம்பலூருக்கு. அவசரத்தில் மாறிப் போய் ஒரு நாளை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறோம்.

அந்தச் சட்டத்தின் 12-ஆவது பிரிவை ஒவ்வொரு தோழரும் மனப்பாடம் செய்ய வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. வருமானச் சான்றிதழ் கொண்டு வா என்று யாராவது சொன்னால் அது சட்டமல்ல. நம்மில் கிறித்தவராக இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு: 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி அவர்கள் பட்டியல் சாதியாகக் கணக்கில் வருவதில்லை, அதனால் சாதியைச் சொல்லி இந்த உதவியைக் கேட்க முடியாது. அநியாயம்தான், அந்தப் போராட்டம் தனி. ஆனால் கைதாகிக் காவலில் இருக்கிறவர் என்ற கணக்கில் அவர்களுக்கும் உரிமை இருக்கிறது. சான்றிதழில் என்ன சாதி என்று பார்த்துத் திருப்பி அனுப்பினால் இதைச் சொல்லுங்கள்.

சட்டம் வக்கீல் தருகிறது, வக்கீல் வருகிறாரா? இது கசப்பான இடம். சிறிய நகரங்களில் வக்கீல்களும் ஊரின் மனிதர்கள்தான். எதிர்த்தரப்பு ஆதிக்கச் சாதி என்றால், 'எனக்கு எதற்கு வம்பு' என்று வழக்கைத் தொடாதவர்கள் உண்டு. சில இடங்களில் சங்கமே கூடி இன்ன வழக்கில் யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போடுவார்கள். இதற்கு எதிரான உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தமிழ்நாட்டிலிருந்தே போனது: 2010 டிசம்பரில், முகமது ரஃபி வழக்கில். சுவாரசியம் என்னவென்றால், அங்கே வக்கீல் கிடைக்காமல் போனவர்கள் போலீஸ்காரர்கள்! வக்கீல் ஒருவரைத் தாக்கியதாகச் சொல்லப்பட்ட காவலர்களுக்காக யாரும் வாதாடக் கூடாது என்று கோவை வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டிருந்தது. அப்படிப்பட்ட தீர்மானங்கள் எல்லாம் சட்டத்துக்கும் வக்கீல் தொழிலின் அறத்துக்கும் எதிரானவை, செல்லாதவை என்று நீதிமன்றம் அடித்துச் சொன்னது. போலீசுக்குக் கிடைத்த அந்தத் தீர்ப்பை நாம் நமக்காகத் தாராளமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

இன்னொரு ஓட்டை குண்டர் சட்டம். 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது தமிழ்நாட்டுச் சட்டம். தென் மாவட்டச் சாதி மோதல்களின்போது நம் இளைஞர்கள் மேல் இது ஏவப்பட்டதை 1990-களின் அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. அம்பேத்கர் கொண்டுவந்த அந்த 22-ஆவது உறுப்பே தடுப்புக் காவலில் உள்ளவர்களுக்கு வக்கீல் உரிமையை விலக்கி வைக்கிறது. அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்து வாதாட உரிமை இல்லை என்று 1981-ல் ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதே தீர்ப்பில், வக்கீல் அல்லாத ஒரு நண்பரின் துணையைப் பெறலாம் என்றும் சொன்னது. படித்த ஒரு அண்ணனோ அக்காவோ அங்கே போய் நிற்கலாம். இதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுப் போட வக்கீல் தாராளமாக வரலாம்; பல ஆணைகள் அங்கேதான் உடைகின்றன.

வழக்குகளின் கூட்டத்தைச் சிறை வைப்பதும் நாம் பார்த்ததுதான். 1999-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் திருச்சி சிறையில் இருந்தார்கள். அவர்களை விடுவிக்கச் சொல்லித்தான் ஜூலை 23 அன்று நெல்லையில் ஊர்வலம் போனது. தாமிரபரணியில் 17 உயிர் போனது. கூலிப் பிரச்சினை குற்ற வழக்காக மாறும்போது எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

2012-ல் மும்பைத் தாக்குதல் குற்றவாளி கசாப்பின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகச் சொன்னது: முதல்முறை நிறுத்தப்படும்போதே வக்கீல் உரிமையைச் சொல்லி, வசதியில்லை என்றால் ஏற்பாடு செய்து தராத மாஜிஸ்திரேட் மேல் துறை நடவடிக்கை எடுக்கலாம். நாடே வெறுத்த ஒருவனுக்குச் சொல்லப்பட்டது, குன்னத்து ஒரு கூலிக்காரன் மகனுக்குச் செல்லாதா? 2019-ல் அனோகிலால் வழக்கில், ஆயுள் அல்லது மரண தண்டனை வரக்கூடிய வழக்குக்கு அரசு தருகிற வக்கீல் குறைந்தது பத்தாண்டு அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும், தயாராகக் குறைந்தது ஏழு நாள் தர வேண்டும் என்று ஆனது. ஸ்காட்ஸ்பரோவில் 1932-ல் சொன்னது இங்கே வந்து சேர்ந்தது. அதே 2019-ல் தேசியச் சட்டப் பணிகள் ஆணைக்குழு, கைதுக்கு முன்பும் காவல் நிலையத்திலும் ரிமாண்டிலும் சட்ட உதவி தருவதற்கான வழிமுறையை வெளியிட்டது. 2022 முதல் குற்ற வழக்குகளுக்கென்றே முழு நேரம் வேலை செய்கிற சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர்கள் மாவட்டங்களில் அமர்த்தப்படுகிறார்கள். அவர்கள் எல்லோரும் சிறப்பானவர்கள் என்று நாங்கள் சான்றிதழ் தரவில்லை. ஆனால் தோட்டை அடகு வைப்பதற்கு முன் தட்ட வேண்டிய கதவு அது.

வக்கீல் வந்த பிறகு என்ன வித்தியாசம் என்று கேட்கும் அப்பாக்களுக்கு நாங்கள் சொல்கிற இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, குற்றப்பத்திரிகை 60 நாளில், பெரிய குற்றமானால் 90 நாளில் வராவிட்டால் ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும். ஆனால் அதை அந்த நாளில் கேட்க வேண்டும். குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும், கேட்க ஆளில்லாதவன் உள்ளேயே இருப்பான். இந்தியச் சிறைகளில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்பது சும்மா நடக்கவில்லை. இரண்டாவது, பொய்யான கவுண்டர் கேஸ் போடுவதே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. 2016-ல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு 3(1)(பி) பிரிவு. பட்டியல் சாதியினர் மேல் பொய்யான, உள்நோக்கம் கொண்ட குற்ற வழக்குத் தொடுத்தால் தண்டனை உண்டு. இந்தப் பிரிவை நாமாக எழுதித் தராவிட்டால் எந்த ஸ்டேஷனிலும் எஃப்.ஐ.ஆரில் ஏறாது.

இந்த ஆண்டு குன்னம், வேப்பூர், செந்துறைப் பக்கத்துக் காலனிகளில் நாங்கள் ஒரே ஒரு தாளைக் கொடுத்துவருகிறோம். ஒரு பக்கத்தில் 15100 என்ற இலவச எண்ணும், பெரம்பலூர் நீதிமன்றம், அரியலூர் நீதிமன்றம் இரண்டில் எந்த ஊருக்கு எது என்ற பட்டியலும். மறுபக்கத்தில் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்படும்போது பையன் சொல்ல வேண்டிய ஒரு வரி: 'ஐயா, எனக்கு வக்கீல் இல்லை, அரசு வக்கீல் வேண்டும், நான் கேட்டதை எழுதிக்கொள்ளுங்கள்.' பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார்கள். பெரியவர்கள் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.